தம்ளருக்கு அடியில் ஓர் ஓட்டுச்சில்லு

கையில் பித்தளைத் தம்ளர். காப்பி குடித்து முடித்தாயிற்று. அடியில் கொஞ்சம் நுரையும் கரையாத சர்க்கரையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உத்திரமேரூருக்குத் தெற்கே, பஸ் வந்து திரும்பிப் போகும் ஒரு கிராமத்தில், நெசவுக்காரர் வீட்டின் பின்வாசலில் நிற்கிறேன். எனக்கு இருபத்திரண்டு வயது. அரசாங்க நர்சாக அந்த ஊருக்கு வந்து இரண்டாவது நாள் காலை.

அடுத்து நடந்தது எனக்கே தெரியாமல் நடந்தது. கிணற்றடிக்குப் போனேன். சாம்பலை எடுத்துத் தம்ளரைத் தேய்த்து அலசினேன். துவைக்கிற கல்லின் மேல் கவிழ்த்தேன். கீழே கிடந்த ஓட்டுச்சில்லு ஒன்றைப் பொறுக்கித் தம்ளரின் விளிம்புக்கு அடியில் ஒரு பக்கமாகச் செருகினேன். தம்ளர் லேசாகச் சாய்ந்து நின்றது. அப்படி வைத்தால் உள்ளே காற்றுப் போய்ச் சீக்கிரம் உலரும்.

நிமிர்ந்தால், வீட்டுக்கார அம்மா வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நர்சம்மா, தம்ளர நீயே கழுவிக்கினு கீற?"

தெரிந்துவிட்டது, இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். வாய் மட்டும் எப்படியோ வேலை செய்தது.

"ஆஸ்பத்திரிப் பழக்கம்மா. அவங்கவங்க குடிச்சத அவங்கவங்களே கழுவணும்."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டார். "வசந்தா, இங்க வந்து பாரு. சுத்தம்னா இது. தம்ளருக்கு அடியில சில்லு வச்சிக்கீது பாரு, காத்து போறதுக்கு."

மாட்டிக்கொண்டேன் என்று நினைத்த இடத்தில் பாராட்டுக் கிடைத்தது. ஆனால் பயம் போகவில்லை. எதைப் பார்த்து அவர் மெச்சினாரோ அதுதான் என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடியது.

பிடித்த காப்பியும் பயந்த காப்பியும்

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். "ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறீர்கள். எங்கெங்கே என்ன காப்பி குடித்தீர்கள், எது பிடித்தது என்று எழுதுங்களேன்" என்று கேட்கிறார். நல்ல மனுஷி. ரசித்துக் குடித்த கதை வரும் என்று எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது.

போன மாதம் பேத்தி என்னை ஒரு கடைக்குக் கூட்டிப் போனாள். சுவரில் பெரிய பலகை. அதில் பதினான்கு வகைக் காப்பி. ஐஸ் போட்டது, நுரை மட்டும் உள்ளது, பாலே இல்லாதது, காப்பியே இல்லாதது போல் இருப்பது. பூ ஜாடி மாதிரி உயரமான கண்ணாடியில் ஒன்று கொண்டுவந்து வைத்தார்கள். குடித்து முடித்ததும் பேத்தி எழுந்து நடந்துவிட்டாள். ஜாடி அங்கேயே மேஜைமேல் இருந்தது. நான்தான் ஒரு நிமிஷம் எழுந்திருக்க முடியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிடித்த காப்பி எது என்றால் ஒரு வரியில் சொல்லிவிடலாம். பயந்து குடித்த காப்பிகளைச் சொல்லத்தான் ஒரு வாரம் போதாது.

புளியங்கொட்டைக் காப்பி

எங்கள் ஊர் தென்னேரி ஏரியின் பாசனத்தில் இருந்தது. ஊர் என்கிறேனே தவிர, நாங்கள் ஊருக்குள் இல்லை. வயலைத் தாண்டித் தனியாக எங்கள் தெரு. நைனா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா நாற்று நடப் போவாள்.

வீட்டில் காப்பி என்றால் கொத்தமல்லி, சுக்கு, வறுத்துத் தோல் நீக்கிய புளியங்கொட்டை, இந்த மூன்றும்தான். அம்மா உரலில் இடித்துச் சலித்துத் தகர டப்பாவில் போட்டு வைப்பாள். கொதிக்கிற தண்ணீரில் அதைப் போட்டு, பனைவெல்லம் தட்டிப் போட்டு இறக்கினால் தீர்ந்தது. நிஜக் காப்பித்தூள் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பொட்டலம் வரும். அதையும் அம்மா இந்தத் தூளோடு கலந்துவிடுவாள், நாள்படக் கிடக்கட்டும் என்று.

அந்தக் காப்பி துவர்க்கும், நெஞ்சில் காரம் ஏறும், அடியில் சேறு மாதிரி நிற்கும். நான் பயமில்லாமல் குடித்த ஒரே காப்பி அதுதான்.

பயம் எங்கள் ஊர் பஸ் நிற்கும் இடத்தில், காப்பிக் கடையில் இருந்தது. உள்ளே பெஞ்சியில் உட்காருகிறவர்களுக்குப் பித்தளைத் தம்ளர். எங்களுக்குக் கடையின் பக்கச் சுவரில் ஆணி அடித்து அலுமினியக் குவளைகளை மாட்டியிருப்பார்கள். நாமே ஒன்றை எடுத்துக்கொண்டு தெருவில் நின்று நீட்ட வேண்டும். கடைக்காரர் குவளையில் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். பாதி கையில் தெறிக்கும். குடித்துவிட்டு நாமே கழுவிச் சுவரடியில் கவிழ்த்து வைக்க வேண்டும்; உலர்ந்த பிறகுதான் அது ஆணிக்குப் போகும். கழுவ மறந்த ஒருவரைக் கடையில் இருந்தவர்கள் அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு என் கை அதை மறந்ததே இல்லை.

கவிழ்க்கிற இடம் எப்போதும் சகதியாக இருக்கும். அடுத்த நாள் அதே குவளையை எடுத்தால் சேற்று நாற்றம் வரும். நைனாவுக்கு அது ஆகாது. மனிதர் அழுக்கு வேட்டிதான் கட்டியிருப்பார், ஆனால் குடிக்கிற பாத்திரம் நாறக்கூடாது. ஓட்டுச்சில்லு ஒன்றை அடியில் வைத்துக் குவளையைச் சாய்த்து நிறுத்துவார். அவர் மட்டும்தான் அப்படிச் செய்வார். அவரைப் பார்த்து நான்.

பவுடர் பால்

நர்ஸ் படிப்புக்கு ஒரு மிஷன் ஆஸ்பத்திரி விடுதியில் இருந்தேன். அங்கே கப்பலில் வந்த பால் பவுடரைக் கரைத்துக் காப்பி போடுவார்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் காப்பியை நினைத்துக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். கட்டி கட்டியாக நாக்கில் வரும். மிச்சம் வைத்தால் மேட்ரன் அம்மா மெதுவாக நம் பின்னால் வந்து நிற்பார். மூச்சை அடக்கிக்கொண்டு விழுங்குவோம்.

அங்கே எல்லோருக்கும் ஒரே மாதிரி எனாமல் குவளை. எல்லோரும் கழுவினோம். ஆகவே வீட்டுக்கார அம்மாவிடம் நான் சொன்னது முழுப் பொய் இல்லை. பாதிப் பொய்தான் காப்பாற்றுவதற்குக் கஷ்டம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"வாயத் தொறக்காத"

அந்த அறை எனக்குக் கிடைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஊரில் நர்சுக்கு அரசாங்கக் குடியிருப்புக் கிடையாது. வாடகைக்கு வீடு பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்க முடியாமல் எனக்கு முன்னால் வந்த ஒருத்தி பத்தே நாளில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஏன் பிடிக்க முடியவில்லை என்று யாரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தேவையும் இல்லை.

என்னை அழைத்துப் போனவர் ஆஸ்பத்திரிச் சிப்பந்தி துரைசாமி. அவரும் எங்கள் மாதிரி தெருவில் நின்று குவளை கழுவுகிற குடும்பம்தான். வீட்டுக்கார அம்மா தனபாக்கியம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அவரைக் கேட்டார். "இன்னா ஆளுங்க?"

துரைசாமி படியேறாமல் தெருவில் நின்றபடியே சொன்னார். "பெரிய டாக்டரே அனுப்பிச்சிக்கீறாரும்மா. நல்ல குடும்பத்துப் பொண்ணு."

தனபாக்கியத்தம்மா அதைத் தனக்கு வேண்டிய மாதிரி எடுத்துக்கொண்டார். அவருக்கும் அவசரம். மருமகள் வசந்தாவுக்கு இரண்டு முறை கர்ப்பம் கலைந்து மூன்றாவது நின்றிருந்தது. நர்ஸ் ஒருத்தி வீட்டோடு இருந்தால் தைரியம்.

துரைசாமி போகும்போது என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "வாயத் தொறக்காத நர்சம்மா. இந்த வூடு போச்சுன்னா இந்த ஊர்ல வேற வூடு கெடையாது. வூடு இல்லன்னா வேல இல்ல."

வேலை இல்லையென்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அம்மா நின்ற சேற்றில் நானும் போய் நிற்க வேண்டும். என்னைப் படிக்க வைக்க நைனா எத்தனை பேர் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார் என்பதும் தெரியும்.

மூன்று டிக்காஷன்

தனபாக்கியத்தம்மா வீட்டுக் காப்பியைப் பற்றிச் சும்மா சொல்லக்கூடாது. பச்சைக் கொட்டை வாங்கி, இரும்புச் சட்டியில் தன் கையால் வறுப்பார். ஜன்னல் கட்டையில் திருகி வைத்திருந்த கை மெஷினில் வசந்தா அரைப்பாள். வயிற்றுப் பிள்ளைக்காரி கூடாது என்று நான் தடுத்த பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. முன்கட்டில் தறி ஓடும் சத்தம், பின்கட்டில் மெஷின் சத்தம். வீடு முழுக்க, தறி நூலுக்குப் பூசும் பாவுக் கஞ்சி வாசனையோடு காப்பி வாசனை கலந்திருக்கும்.

பித்தளை பில்டரில் முதலில் இறங்குவது முதல் டிக்காஷன். அது வீட்டு ஆண்களுக்கும், வந்த சம்பந்திகளுக்கும், எனக்கும். அதே தூளில் மறுபடி தண்ணீர் ஊற்றி இறக்குவது இரண்டாவது. அது தறியில் உட்காரும் வேலைக்காரர்களுக்கு. மூன்றாவது முறை இறங்குவது நிறம் மட்டும்தான். அதில் வெல்லம் போட்டு மாடு மேய்க்கிறவருக்கும் விறகு பிளக்க வந்தவருக்கும் கொடுப்பார்கள். அதற்கென்று ஓர் அலுமினியக் குவளை மாட்டுக்கொட்டகைச் சுவரில் தொங்கியது. தினமும் காலையில் அந்தக் குவளையைப் பார்த்துக்கொண்டே முதல் டிக்காஷனைக் குடித்தேன்.

அதிலும் ஒரு சங்கடம். அந்த வீட்டில் தம்ளரில் உதடு படக்கூடாது. அண்ணாந்து ஊற்றிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் வாய் வைத்துத்தான் குடிப்போம். முதல் நாள் கொதிக்கிற காப்பியை அப்படியே தொண்டைக்குள் விட்டுக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றேன். அப்புறம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பச்சைத் தண்ணீரில் பழகினேன். மூன்று ரவிக்கை நனைந்த பிறகு வித்தை வந்தது.

பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டபோது கூட இவ்வளவு கவனமாகக் கற்றேனா என்பது சந்தேகம். பேச்சில் கவனம். சாமி கும்பிடுவதில் கவனம். ஊருக்குப் போனால் யாராவது பின்தொடர்ந்து பஸ் ஏறிவிடுவார்களோ என்று மூன்று மாதம் ஊருக்கே போகவில்லை. காகிதம் மட்டும் போட்டேன். அதில் என் விலாசம் இருந்தது. அதைத்தான் யோசிக்காமல் விட்டேன்.

நைனா வந்த நாள்

வசந்தாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. இன்னும் பத்து நாள் என்று கணக்குச் சொல்லியிருந்தேன். ஒரு முற்பகல் வேளை, அவளுடைய காலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஒரு குரல் கேட்டது.

"நர்சம்மா வூடு இதுதானுங்களா?"

அந்தக் குரல் எனக்குத் தெரியாமல் போகுமா? 

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நைனா. சலவை வேட்டி கட்டியிருந்தார், மகளைப் பார்க்கப் போகிறோம் என்று. கையில் மஞ்சள் பை. பஸ் காசை மிச்சம் பிடிக்க வாலாஜாபாத் வரை நடந்து, அங்கே பஸ் ஏறி, உத்திரமேரூரிலிருந்து மறுபடி நடந்து வந்திருக்கிறார். கால் முழுக்கப் புழுதி.

தனபாக்கியத்தம்மா அவரைப் பக்கத்துச் சந்து வழியாகப் பின்வாசலுக்கு வரச் சொன்னார். நான் ஓடினேன். நான் போய்ச் சேருவதற்குள் அவர் கிணற்றடிக்கு வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக நின்றார். "பா..." என்று ஆரம்பித்தார். பாப்பா என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

அதற்குள் எனக்குப் பின்னால் வந்து நின்ற தனபாக்கியத்தம்மா கேட்டார். "யாரும்மா இந்தப் பெரியவரு? உன்னக் கேட்டுக்கினு வந்தாரு."

"எங்க ஊர்ப் பக்கத்து ஆளும்மா" என்றேன். "இருமலுக்கு மருந்து வாங்க வந்திருக்காரு."

இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரைக்கும், நான் வாழ்க்கையில் சொன்ன வார்த்தைகளிலேயே திரும்ப எடுத்துக்கொள்ள நினைப்பது இவைதான். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. பயம், அவ்வளவுதான். பெற்ற தகப்பனை இருமல்காரனாக்கிவிட்டேன்.

நைனா என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டு மெதுவாக இறங்கிக் கக்கத்துக்குப் போனது.

"ஆமாங்கம்மா" என்றார். "ரெண்டு மாசமா இருமலுங்க. தூக்கமே கெடையாது." சொல்லிவிட்டு இருமினார். இரண்டு முறை, நன்றாக, மார்பைப் பிடித்துக்கொண்டு.

பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துக் கல்லின் மேல் வைத்தார். "உங்கம்மா குடுத்து அனுப்பினாங்க நர்சம்மா. காப்பித் தூளாம்."

அது அம்மா இடித்த புளியங்கொட்டைத் தூள். மூடியைத் திறக்காமலே எனக்கு அந்த வாசனை வந்தது.

தனபாக்கியத்தம்மா நல்ல மனம் உள்ளவர். அதுதான் கஷ்டமே. "பாவம், வெயில்ல நடந்து வந்துக்கீறாரு. இருங்க பெரியவரே, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போலாம்" என்றார். மாட்டுக்கொட்டகைச் சுவரிலிருந்து அந்த அலுமினியக் குவளை இறங்கியது. அதில் மூன்றாவது டிக்காஷன் வந்தது, வெல்லம் போட்டு. கையில் கொடுக்காமல் துவைக்கிற கல்லின் ஓரத்தில் வைத்தார்.

நைனா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நிதானமாகக் குடித்தார். "ரொம்ப நல்லா கீதும்மா" என்றார். அது வேஷமில்லை. அவருக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.

குடித்து முடித்ததும் கிணற்றடிக்குப் போனார். சாம்பல் எடுத்தார். தேய்த்தார், அலசினார். குவளையைக் கல்லின் மேல் கவிழ்த்தார். கை தானாகக் கீழே போயிற்று. ஓர் ஓட்டுச்சில்லைப் பொறுக்கிக் குவளையின் விளிம்புக்கு அடியில் ஒரு பக்கமாகச் செருகினார்.

அதே கல்லின் மேல், ஒரு முழம் தள்ளி, காலையில் நான் கழுவி வைத்த பித்தளைத் தம்ளர் இருந்தது. அடியில் ஓட்டுச்சில்லு. இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

நைனா அதைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் தன் குவளையின் சில்லை விரலால் தட்டிவிட்டார். குவளை 'டக்'கென்று கல்லில் உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்கு வசந்தா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

தனபாக்கியத்தம்மா எதையும் தவறவிடவில்லை. தம்ளரைப் பார்த்தார், குவளையைப் பார்த்தார், நைனாவின் முகத்தையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எனக்கு நைனாவின் மூக்கு. அதுவரை அதை யாரும் கவனிக்கக் காரணம் இருந்ததில்லை.

"ஊர்ப் பக்கத்து ஆளா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"சரி" என்று உள்ளே போய்விட்டார்.

நான் இருமல் மருந்து ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். "மூணு வேளை, பெரியவரே" என்றேன். ஜன்னலில் யாராவது நின்றால்? அதற்காக அப்படிச் சொன்னேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "வரேன் நர்சம்மா" என்று திரும்பினார். தெருமுனை வரை கூடப் போகலாம் என்று ஒரு கால் எடுத்து வைத்தேன். மற்றக் கால் வரவில்லை.

கண்ணாடித் தம்ளர்

அன்று முழுக்கக் காத்திருந்தேன். பெட்டியில் துணிகளை அடுக்கினேன், எடுத்தேன், மறுபடி அடுக்கினேன். தறிச் சத்தம் நிற்கும்போதெல்லாம் வீட்டு ஆண்கள் எழுந்து என்னிடம் வருகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் வரவில்லை.

மறுநாள் காலை காப்பி வந்தது. கையில் வரவில்லை. துவைக்கிற கல்லின் மேல் ஒரு கண்ணாடித் தம்ளரில் வைக்கப்பட்டிருந்தது.

"பித்தளத் தம்ளர் நசுங்கிப்போச்சு நர்சம்மா" என்றார் தனபாக்கியத்தம்மா, என்னைப் பார்க்காமல். நசுங்காத தம்ளர் அவருக்குப் பின்னால் அலமாரியில் பளபளவென்று இருந்தது.

குடித்துப் பார்த்தேன். முதல் டிக்காஷன். சர்க்கரையும் பாலும் அதே அளவு. தம்ளர்தான் மாறியிருந்தது, காப்பி மாறவில்லை. அந்த அம்மாவுக்கு என்மேல் பிரியம் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது. அது போதவில்லை என்பதும் தெரிந்தது.

துரைசாமியிடம் சொன்னேன். "பிரசவம் ஆவுற வரைக்கும் உன்ன அனுப்ப மாட்டாங்க" என்றார். "கண்ணாடியோ மண்ணோ, குடிச்சிட்டுக் கழுவி வச்சிக்கினே இரு. பேஜார் பண்ணிக்காத."

அப்படியே இருந்தேன். ஒவ்வொரு நாளும் கழுவினேன். சில்லு மட்டும் வைக்கவில்லை. பயத்துக்குக் கூட ஒரு ரோஷம் உண்டு போலிருக்கிறது.

ஒன்பதாம் நாள் காலை வசந்தாவுக்கு வலி எடுத்தது. மத்தியானம் வரைக்கும் போராடினோம். தொப்புள் கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றியிருந்தது. வசந்தா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் இறங்கி ரத்தம் வந்தது. "என்ன வுட்டுட்டுப் போயிடாதீங்க நர்சம்மா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் தனபாக்கியத்தம்மா நிலைப்படியைப் பிடித்தபடி நின்றார். அவர் முகத்தில் இருந்த பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம். மூன்று மாதமாக என் முகத்தில் இருந்ததுதான் அது.

கொடியை விடுவித்தேன். குழந்தை நீலமாக வந்தது. தலைகீழாகப் பிடித்து, வாயைத் துடைத்து, முதுகில் தட்டினேன். அழவில்லை. மறுபடி தட்டினேன். அழுதது. பெண் குழந்தை.

குளிப்பாட்டித் துணியில் சுற்றி நீட்டினேன். தனபாக்கியத்தம்மா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். என் விரலும் அவர் விரலும் ஒன்றின்மேல் ஒன்று பட்டன. கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நான் கிணற்றடியில் கைகழுவிவிட்டு உட்கார்ந்தபோது அவரே காப்பி கொண்டுவந்தார். நிமிர்ந்து பார்த்தேன். மனசு எதையோ எதிர்பார்த்ததை ஒப்புக்கொள்கிறேன்.

கண்ணாடித் தம்ளர்தான். கல்லின் மேல்தான் வைத்தார்.

குடித்தேன். அண்ணாந்து இல்லை, வாய் வைத்து, நிதானமாக. நைனா குடித்த மாதிரி. குடித்துவிட்டு அந்தத் தம்ளரை நுரையும் எச்சிலுமாக அப்படியே கல்லின் மேல் வைத்து எழுந்தேன். 

"கழுவலியா நர்சம்மா?" என்றார்.

"இல்லம்மா. நீங்க கழுவிக்கோங்க."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். கண்ணாடி உடையும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வெகு நேரம் எதுவும் கேட்கவில்லை. பிறகு வாளி கிணற்றில் இறங்குகிற சத்தம், சாம்பல் தேய்க்கிற சத்தம்.

அந்த அறையில் நான் மேலும் இரண்டு வருஷம் இருந்தேன். காலிசெய் என்று அவர் சொல்லவில்லை. கண்ணாடித் தம்ளரும் மாறவில்லை. அதை நான் ஒருநாளும் கழுவவில்லை. இதற்கு மேல் அந்த அம்மாவைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மருந்து

பிள்ளை பிறந்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். வழி முழுக்க நைனாவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். காலில் விழ வேண்டும் என்று நினைத்தேன். தனபாக்கியத்தம்மாவிடம் கூட இவ்வளவு பயந்ததில்லை.

நைனா வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். "வா பாப்பா" என்றார், எதுவுமே நடக்காத மாதிரி. அம்மா புளியங்கொட்டைக் காப்பி கொண்டுவந்து இருவருக்கும் கொடுத்தாள். நான் ஒரு வாய் குடித்துவிட்டுக் குவளையைக் கீழே வைத்தேன்.

அம்மாதான் ஆரம்பித்தாள். "இந்த மனுசன் பண்றதக் கேளுடி. உன்னப் பாத்துட்டு வந்ததுலேருந்து ஒரு பாட்டில வச்சிக்கினு மூணு வேளையும் மருந்து குடிக்கிறாரு. இருமலாம். நான் பக்கத்துலதான படுத்துக்கினு கீறேன், எனக்குத் தெரியாம இவருக்கு எப்ப இருமல் வந்துது?"

சுவர் மாடத்தில் அந்தப் பாட்டில் இருந்தது. ஒரு சொட்டு மிச்சமில்லை.

நைனா காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மருந்து நல்லா கேட்டுது பாப்பா. இருமல் நின்னுபோச்சு."